ஸ்பிட்ஃபயரின் ஐந்து பட்டைகள்

இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரை மாடலாகச் செய்யும்போது, நார்மண்டி தரையிறக்கத்துக்காக 1944 ஜூனில் நேச நாட்டு விமானங்களில் தீட்டப்பட்ட கறுப்பு வெள்ளைப் பட்டைகளை நான் டெக்காலாக, அதாவது நீரில் நனைத்து ஒட்டும் படமாக, ஒட்டுவதே இல்லை, வண்ணம்தான் அடிப்பேன். ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒரு பட்டையின் அகலம் 18 அங்குலம். 1/72 மாடலில் அது 6.35 மில்லிமீட்டர்.

ஐந்து பட்டைக்கான இடம் முழுவதும் முதலில் வெள்ளை அடியுங்கள். ஒரு நாள் காயட்டும். மூன்று வெள்ளைப் பட்டைகளை மாஸ்கிங் டேப்பால் மூடி, இடையிலுள்ள இரண்டில் கறுப்பை மெல்லியதாக இருமுறை பூசுங்கள். டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்க்காவிட்டால், தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளமான பேனல் கோட்டின் வழியே கறுப்பு கசிந்துவிடும்.

ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல் இருக்க வேண்டியதில்லை. அசலில் பல விமானங்களுக்குத் தூரிகையால் அவசர அவசரமாக அடித்தார்கள். அந்த அவசரம் மாடலில் தெரிந்தே ஆக வேண்டும் என்பது என் பிடிவாதம். விமானம் எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தது என்று காட்டும் ஸ்குவாட்ரன் எழுத்துகளைச் சுற்றி இடம்விட்டுப் பட்டை அடித்ததும் உண்டு. நீங்கள் செய்யும் விமானத்தின் பழைய புகைப்படத்தைப் பார்த்தே முடிவுசெய்யுங்கள்.