மலிவு ஈ.சி.யூ: டேபிளைத் தொடும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

ஏப்ரல் மாதத்து மதியம். சேலத்திலிருந்து தருமபுரி வழியாகக் கிருஷ்ணகிரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் நன்றாக இழுத்துக்கொண்டிருந்த என் பழைய மாருதி ஜென், ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கியதும் திணறியது. பின்னால் கரும்புகை. ஃபேன் நின்றதும் பழையபடி இழுத்தது. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் அளவையும் ஸ்பார்க் நேரத்தையும் தீர்மானிக்கும் ஸ்பீடுயினோ என்ற மலிவு ஈ.சி.யூ (எஞ்சினை நடத்தும் கணினி) போட்டு அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

எந்த ஆர்.பி.எம்மில், எந்த அழுத்தத்தில் எவ்வளவு பெட்ரோல் என்று ஈ.சி.யூவுக்குச் சொல்லும் எரிபொருள் டேபிளோடு மூன்று வாரம் போராடினேன். திணறும் இடத்தில் பெட்ரோலைக் குறைத்தால், ஃபேன் ஓடாதபோது அதே இடத்தில் லீன் ஆகி (பெட்ரோல் பற்றாமல்) வண்டி வெட்டியது. கடைசியில் பார்த்தால் சென்சார்களின் எர்த் ஒயரை, ஃபேன் எர்த் போட்டிருந்த அதே பாடி போல்ட்டில் முறுக்கியிருந்தேன். ஃபேன் கரண்ட் இழுக்கும்போது அந்த போல்ட்டில் வோல்டேஜ் கொஞ்சம் ஏறும். எஞ்சின் உறிஞ்சும் காற்றின் அழுத்தத்தை 250 கிலோபாஸ்கல் வரை அளக்கும் சாதாரண அழுத்த சென்சாரில் 0.1 வோல்ட் ஏறினாலே 5 கிலோபாஸ்கல் பொய்க்கணக்கு. கூலன்ட் சென்சாரும் எஞ்சின் குளிர்ந்திருப்பதாகச் சொல்லும். இரண்டையும் நம்பி ஈ.சி.யூ பெட்ரோலைக் கொட்டியது. சென்சார் எர்த் எல்லாவற்றையும் ஈ.சி.யூவின் சென்சார் எர்த் பின்னுக்கே கொண்டுவந்து, ஈ.சி.யூவின் பவர் எர்த்தை எஞ்சின் பிளாக்கில் ஒரே இடத்தில் இறுக்கினேன். டேபிளில் ஓர் எண்ணைக்கூட மாற்றாமல் திணறல் போய்விட்டது.

அதற்குப் பிறகு நண்பர்களின் வண்டிகள் சிலவற்றிலும் வேலை செய்தேன். பெரும்பாலான கோளாறுகள் இதே வகைதான். ஈ.சி.யூவுக்குக் கண் கிடையாது, சென்சார் சொல்வதுதான் அதற்கு உலகம். அந்தப் பேச்சு பொய்யாக இருக்கும்போது நாம் லேப்டாப்பில் டேபிளைத் திருத்தி அதை மூடப் பார்க்கிறோம்.

சரி, வாங்கும்போதே தொடங்கும் தவறைப் பார்ப்போம். மலிவு வரிசையில் பேசப்படுபவை ஸ்பீடுயினோ, ரஸ்இஎஃப்ஐ, பழைய மெகாஸ்கர்ட் ஆகியவை. ஸ்பீடுயினோ ஆர்டுயினோ மெகா 2560 போர்டின் மேல் ஓடுவது. எதில் வசதி அதிகம் என்று பட்டியல் போட்டு ஒப்பிடுகிறார்கள். லாஞ்ச் கன்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து பாய்ந்து கிளம்ப உதவும் வசதி) இருக்கிறதா என்று கேட்கும் பலர், எஞ்சின் சுழல்வதைச் சொல்லும் கிராங்க் சிக்னலை அது படிக்குமா என்று கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான். காந்தச் சுருள் வகை கிராங்க் சென்சார் என்றால் ஸ்பீடுயினோவுக்குத் தனியாக ஒரு சிக்னல் கண்டிஷனர் போர்டு வேண்டும். ஹால் சென்சார் என்றால் வேண்டாம். அப்புறம் பட்ஜெட். ஈ.சி.யூவின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வைட்பேண்ட் சென்சார் (புகையை அளந்து கலவையைச் சொல்வது), ஹை பிரஷர் பம்ப், இக்னிஷன் காயில், நல்ல ஒயர், ரிலே எல்லாம் சேர்ந்தால் ஈ.சி.யூ சின்ன செலவாகத் தெரியும். பணம் பற்றாமல் வைட்பேண்டைத் தள்ளிப்போடுபவர்களிடம் நான் சொல்வது, அது வாங்கும்வரை வேலையையே தள்ளிப்போடுங்கள் என்பதுதான்.

காயில் விஷயத்தில் இரண்டு தவறுகள் கையைச் சுடும். ஸ்பீடுயினோவின் இக்னிஷன் அவுட்புட் வெறும் சிக்னல்தான். உள்ளே இக்னைட்டர் (காயில் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) இல்லாத காயிலை நேரடியாக மாட்டினால் போர்டு போய்விடும். இக்னைட்டர் உள்ள காயில் போடுங்கள், அல்லது தனி இக்னைட்டர் வையுங்கள். இரண்டாவது, ஸ்பார்க் சிக்னலின் திசை மென்பொருளில் தலைகீழாக இருந்தால் காயில் ஓயாமல் சார்ஜ் ஆகிக்கொண்டே இருந்து சூடாகி எரியும். செட்டிங்கைச் சரிபார்க்கும்வரை காயில் பியூஸைப் பிடுங்கி வையுங்கள்.

பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பெரிதாக இருந்தால் பவர் கூடும் என்ற நம்பிக்கை நம் பக்கம் பலமாக உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 225 கிராம் பெட்ரோல் போகும். 50 குதிரைத்திறன் தரும் நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு, 80 சதவீத நேரம் திறந்திருக்கும் என்று வைத்தால், ஓர் இன்ஜெக்டர் நிமிடத்துக்குச் சுமார் 80 சி.சி. ஊற்றினால் போதும். 120, 150 என்றால் தாராளம். இதற்கு 440 சி.சி. போட்டால், ஐடிலில் இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் ஒரு மில்லிசெகண்டைவிட பெட்ரோல் பாயும் நேரம் குறைவாகிவிடும். ஐடில் ஒருநாளும் சீராக இருக்காது. ஓம் மீட்டரையும் வைத்துப் பாருங்கள். 12 ஓமுக்கு மேல் என்றால் நேராக மாட்டலாம். 2, 3 ஓம் காட்டினால் ரெசிஸ்டரோ தனி டிரைவரோ இல்லாமல் மாட்டாதீர்கள்.

கிராங்க் சென்சார் படிக்கும் பல் சக்கரமான கிராங்க் வீல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 36 பல்லில் ஒன்று குறைந்த வீல் ஒன்றை ஓசூரில் லேசர் கட்டிங் செய்து வாங்குவது சுலபம். புல்லியில் அதைக் கோணாமல் உட்கார வைப்பதுதான் கடினம். வீல் ஆடினால் சென்சாருக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும், அதிக ஆர்.பி.எம்மில் சிங்க் (ஈ.சி.யூவின் பல் கணக்கு) விட்டுப்போகும். காந்தச் சுருள் சென்சாரின் இரண்டு ஒயர் மாறினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், அதுதான் ஏமாற்றுவது. வேகம் கூடக் கூட டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) நகர்ந்துகொண்டே போகும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஸ்பார்க் விழும்போதெல்லாம் மின்னிப் புல்லியில் உள்ள குறியைக் காட்டும் டைமிங் லைட். மென்பொருளில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டுங்கள். ஐடிலில் லைட் அடித்துக் குறி 10இல் நிற்கும்வரை, வீலின் முதல் பல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் டிரிகர் கோணத்தைத் திருத்துங்கள். பிறகு 3000 ஆர்.பி.எம்முக்கு ஏற்றிப் பாருங்கள். குறி நகரக் கூடாது. நகர்ந்தால் ஒயர் திசையையும் சென்சார் இடைவெளியையும் பாருங்கள். திரையில் 10 என்று தெரிவதை நம்பி இதைச் செய்யாமல் விட்ட எஞ்சினில், உண்மையில் 20 டிகிரி ஓடி பிஸ்டன் உடையலாம். ஒரு காயில் இரண்டு சிலிண்டருக்கு அடிக்கும் அமைப்பில், டயல் வைத்த டைமிங் லைட் தவறாகக் காட்டக்கூடும். டயலைப் பூஜ்யத்தில் வைத்துப் பயன்படுத்துங்கள்.

அழுத்த சென்சாரைச் சோதிக்க நம் மாவட்டமே ஒரு கருவி. சாவியைப் போட்டு, எஞ்சினை ஓட்டாமல் திரையைப் பாருங்கள். கிருஷ்ணகிரியில் 95, 96 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். சூளகிரி வழியாக ஏறி, ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூருக்குப் போய் அதையே செய்தால் 91 பக்கம் இறங்க வேண்டும். ஓசூரில் நின்றுகொண்டு 101 காட்டினால் மென்பொருளில் வேறு சென்சார் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. கூலன்ட் சென்சாருக்கு ஐஸ் தண்ணீர், சாதாரண தண்ணீர், கொதிக்கும் தண்ணீர் என்று மூன்று இடத்தில் ஓம் அளந்து ஏற்றுங்கள். ஓசூரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், 100 என்று எழுதிவிடாதீர்கள்.

இப்போது எல்லோரும் முதலில் ஓடிப்போய் அழுத்தும் ஆட்டோடியூன், அதாவது வைட்பேண்ட் சொல்வதை வைத்து மென்பொருளே டேபிளைத் திருத்துவது. வைட்பேண்ட் அளப்பது புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை. ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனால் எரியாத ஆக்சிஜன் வெளியே வரும், சென்சார் லீன் என்று சொல்லும், ஆட்டோடியூன் பெட்ரோலைக் கூட்டும், பிளக் கறுத்து மிஸ்ஃபயர் இன்னும் கூடும். சைலன்சர் பைப்பில் சென்சாருக்கு முன்னால் சின்ன ஓட்டை இருந்தாலும் இதே கதை. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்து, மிஸ்ஃபயரும் லீக்கும் இல்லை என்று உறுதியான பிறகே அதை ஓட விடுங்கள்.

ஈ20 பெட்ரோல் வந்தபிறகு ஒரு புதுக் குழப்பம் சேர்ந்திருக்கிறது. எத்தனால் 20 சதவீதம் கலந்தால் சரியான கலவை (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று) 14.7 இல்லை, சுமார் 13.5. இது உண்மை. இதைப் படித்துவிட்டு மீட்டரில் 13.5 வரும்படி டியூன் செய்கிறார்கள். ஆனால் பெரும்பாலான மீட்டர்கள் லாம்டாவை (இருக்கும் கலவை சரியான கலவையில் எத்தனை மடங்கு என்பதை) அளந்து 14.7ஆல் பெருக்கித்தான் காட்டுகின்றன. எந்தப் பெட்ரோல் ஊற்றினாலும் சரியான கலவை அதில் 14.7 என்றே தெரியும். 13.5 வைத்தால் 8 சதவீதம் ரிச் (பெட்ரோல் அதிகம்). பேசாமல் திரையை லாம்டாவுக்கு மாற்றிவிடுங்கள், 1 என்றால் 1. எத்தனால் கலக்காத காலத்து டேபிளை அப்படியே வைத்திருப்பவர்களுக்கு நேர்மாறு: அந்த வண்டி இப்போது லீனில் ஓடுகிறது.

பெட்ரோல் லைனில் மட்டும் சமரசம் வேண்டாம். கார்புரேட்டர் ஓஸ் 3 பார் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல, இருபது வருட ரப்பர் ஈ20ஐயும் தாங்காது. இன்ஜெக்‌ஷனுக்கான ஓஸும் அதற்கான கிளிப்பும் போடுங்கள். பம்பைச் சாவியோடு நேராக இணைக்காதீர்கள். ஈ.சி.யூவின் ரிலே வழியாகப் போனால், விபத்தில் எஞ்சின் நின்றவுடன் பம்பும் நிற்கும். நேராக இணைத்தால் அறுந்த ஓஸிலிருந்து பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். பழைய கார் டேங்கில் தடுப்பு இல்லாததால் அஞ்செட்டி மலைப்பாதை போன்ற வளைவுகளில் பம்ப் காற்றை உறிஞ்சும், பம்புக்கு எப்போதும் பெட்ரோல் கிடைக்க சின்ன சர்ஜ் டேங்க் ஒன்று வைப்பது நல்லது.

சாலையில் ஓட்டும் வண்டி என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

மற்றபடி வரிசை முக்கியம். டைமிங், சூடான ஐடில், சீரான ஓட்டம், முழு த்ராட்டில், ஆக்சிலரேட்டரைச் சட்டென மிதிக்கும்போது கூட்ட வேண்டிய பெட்ரோல், இவையெல்லாம் அமைந்த பிறகு கடைசியில் கோல்டு ஸ்டார்ட். அதில்தான் பொறுமை இழந்து, சூடான டேபிளில் போய்க் கைவைக்கிறார்கள். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த நிலை ஒரு நாளைக்கு ஒருமுறைதான் கிடைக்கும். ஓசூரின் மார்கழிக் காலையில் ஒரு எண்ணை மாற்றி, ஸ்டார்ட் செய்து, என்ன ஆனது என்று நோட்டில் எழுதிவிட்டு மறுநாள் காலைவரை காத்திருங்கள். என் ஜென்னுக்கு இது பதினோரு காலை எடுத்தது.