போஸ்ட்கிரெஸ் ஆவணத்தில் குறுக்குக் குறிப்புகளைச் சீராக்குதல்

பெங்களூரு அல்சூரில் ஞாயிறுதோறும் கூடித் தரவுத்தள ஆவணங்களைத் திருத்தும் எங்கள் தமிழ் நண்பர்கள் முதலில் செய்வது, ‘மேலே கூறியபடி’, ‘கீழே காண்க’ என்ற சொற்களைத் தேடிக் களைவதுதான்; பக்கங்கள் தனித்தனியாகத் திறக்கும் இணையத்தில் மேலேது, கீழேது?

அவற்றுக்குப் பதிலாக, சுட்டும் பகுதிக்கே இட்டுச்செல்லும் குறுக்குக் குறிப்பு வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் ஆவணம், உரைக்குள் குறிகளை இட்டு எழுதும் டாக்புக் வடிவில் எழுதப்படுவதால், சுட்டவேண்டிய பகுதிக்கு நிலையான அடையாளக்குறி ஒன்றை இடுங்கள். பகுதி எண்ணோ கட்டளைப் பெயரோ போதுமான இடத்தில் ‘எக்ஸ்ரெஃப்’ குறியையும், வாக்கியத்தோடு இழையும் சொற்கள் தேவைப்படும் இடத்தில் ‘லிங்க்’ குறியையும் பயன்படுத்துங்கள். முன்னதில் எண் மாறினால் சுட்டியும் தானாக மாறும், பின்னதன் சொற்களை நீங்களே கவனிக்கவேண்டும்.

இலக்கைத் தேர்வதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நீக்கப்பட்ட தரவு அடைத்திருக்கும் இடத்தை மீட்கும் ‘வேக்யூம்’ கட்டளையின் தொடரமைப்பைத் தேடுபவரைக் கட்டளைப் பக்கத்துக்கும், அதை எப்போது, ஏன் இயக்கவேண்டும் என்று அறிய விரும்புபவரை அன்றாடப் பராமரிப்பு இயலுக்கும் அனுப்புங்கள். ஒரே பத்தியில் ஒரே இலக்கை இருமுறை சுட்டுவது, என் கருத்தில், வாசகரை நச்சரிப்பதே.

அடையாளக்குறியை மாற்ற நேர்ந்தால், அதைச் சுட்டும் இடங்களையெல்லாம் திருத்தி, ஆவணக் கோப்புறையில், குறிகளின் பிழைகளைச் சோதிக்கும் ‘மேக் செக்’ கட்டளையை இயக்கிச் சரிபாருங்கள். ஆனால் இணையப் பக்க முகவரியும் அக்குறியிலிருந்தே உருவாவதால் அறுபடும் வெளி இணைப்புகளை அச்சோதனை காட்டாது.