கொள்ளுப்பாட்டியின் கல்யாணத்தைத் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, காலத்து மெட்ராஸ், புதுச்சேரி, தரங்கம்பாடி என்று ஏதோ ஓர் ஊரில் வாழ்ந்த பாட்டியின் பாட்டியைத் தேடிக்கொண்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். ஸ்கேன் செய்த சர்ச் பதிவேடுகள் வீட்டுக் கணினியிலேயே கிடைக்கின்றன. அதனால் வேகமும் அதிகம். ஆணைத் தேடுவது சுலபம். சம்பளப் பட்டியல், பதவி உயர்வு, உயில் என்று அவன் வருடா வருடம் எங்காவது தலைகாட்டுவான். பெண் வருவது ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்கிற மூன்று இடங்களில். இடையில் அவள் பெயர் காகிதத்தில் நிறைய அடிபட்டால் பெரும்பாலும் வீட்டில் ஏதோ தகராறு. புதிதாக வருகிறவர்கள் அந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள், அதுவும் வரிசையாக, ஒரே மாதிரி.

கையெழுத்தைத் தப்பாகப் படிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். நாலு பதிவேடு பார்த்தால் அது தானாகச் சரியாகிவிடும். மற்றவற்றை விளக்க இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெண்ணையே எடுத்துக்கொள்கிறேன்: கேத்தரின் வொர்லே. 1762-இல் தரங்கம்பாடியில் பிறந்தவர். 1777 ஜூலையில் வங்காளத்துப் பிரெஞ்சுக் குடியேற்றமான சந்தர்நாகூரில் கும்பினி ஊழியர் ஜார்ஜ் பிரான்சுவா கிராண்டுக்கு வாழ்க்கைப்பட்டார். 1802-இல் பாரிசில் நெப்போலியனின் வெளியுறவு அமைச்சர் டாலிராண்டை மணந்தார். இந்தத் துறையில் இருக்கும் பொறிகள் எல்லாமே இந்த ஒரு வாழ்க்கையில் இருக்கின்றன.

பிறந்த ஊரை வைத்து ஆளை முடிவு செய்வது

தரங்கம்பாடி 1845 வரை டேனிஷ்காரர்களிடம் இருந்தது. அதனால் கேத்தரினை டேனிஷ் பெண் என்று எழுதியவர்கள் உண்டு. டாலிராண்டே ஒரு கடிதத்தில் அவரை இந்தியப் பெண் என்று குறிப்பிடுகிறார். அதைப் பிடித்துக்கொண்டு தமிழ் ரத்தம் வரை போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்பா பிரெஞ்சுக்காரர். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்து, கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். பக்கத்தில் நடுநிலையாக இருந்த துறைமுகம் தரங்கம்பாடி. அந்த நேரத்தில் ஒரு பிரெஞ்சுக் குழந்தை அங்கே பிறப்பதில் வியப்பு எதுவும் இல்லை. ஊர் புரியவில்லை என்றால் முதலில் அந்த வருடத்துச் சண்டையைப் பாருங்கள்.

ஒரே எழுத்துக்கூட்டலில் தேடுவது

வொர்லே, வெர்லே, வோர்லே. மூன்றும் அவர்தான். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் 1783-இல் வரைந்த அவருடைய ஓவியம் இருக்கிறது. அங்கே பெயரும் வேறு, பிறப்பு இறப்பு வருடங்களும் மற்ற நூல்களிலிருந்து ஒவ்வொரு வருடம் தள்ளி இருக்கும்.

ஒரு கல்யாணத்துக்கு ஒரு பதிவுதான் என்று நினைப்பது

பெண் கத்தோலிக்கர், மாப்பிள்ளை புராட்டஸ்டண்ட் என்றால் இரண்டு பாதிரியார், இரண்டு பதிவேடு. கேத்தரினுக்கு அப்படித்தான் நடந்தது. ஒன்றில் இல்லாத தகவல் மற்றதில் இருக்கும்.

கணவன் கொடுத்த காகிதத்தை மனைவியின் வாழ்க்கை என்று எழுதுவது

இதுதான். எத்தனை பேருக்குச் சொன்னாலும் அடுத்த ஆள் இதையே செய்துகொண்டு வந்து நிற்கிறார்.

1778 டிசம்பர் 8 இரவு. கல்கத்தாவில் கிராண்ட் விருந்துக்குப் போயிருக்கிறார். வீட்டுச் சுவரில் ஒரு மூங்கில் ஏணி சாய்ந்திருப்பதை வேலையாட்கள் பார்க்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வருகிறவர் பிலிப் பிரான்சிஸ், கவர்னர் ஜெனரலின் ஆலோசனைக் குழு உறுப்பினர். வேலையாட்களின் தலைவனான ஜமேதார் அவரைப் பிடித்து வைக்கிறார். கிராண்ட் வழக்குப் போடுகிறார். 1779 மார்ச்சில் கல்கத்தா சுப்ரீம் கோர்ட் அவருக்கு 50,000 சிக்கா ரூபாய் (அன்றைய வங்காள வெள்ளி நாணயம்) நஷ்டஈடு தருகிறது. மூன்று நீதிபதிகளில் சேம்பர்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை.

சாட்சியங்களைப் படித்தால் நாடகம் பார்ப்பது போல இருக்கும். ஆயாவை மெழுகுவத்தி எடுத்துவர அனுப்புகிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் கதவு சாத்தியிருக்கிறது. அவ்வளவுதான், படிக்கிறவர் சொக்கிப்போய் அப்படியே எடுத்து எழுதிவிடுவார்: “கேத்தரின் கணவனுக்குத் துரோகம் செய்தாள்.”

சரி, அந்த வழக்குக் காகிதங்களில் கேத்தரின் எங்கே பேசுகிறார்? எங்கேயும் இல்லை. அந்த வழக்கில் வாதி கிராண்ட், பிரதிவாதி பிரான்சிஸ். மனைவி ஒரு தரப்பே கிடையாது. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி இப்படிப்பட்ட வழக்கில் கணவனும் சரி, மனைவியும் சரி, சாட்சி சொல்லவே முடியாது. ஒருவன் இன்னொருவனுக்கு இழப்பு உண்டாக்கினான், இழப்பு என்பது மனைவி: வழக்கின் அடிப்படையே அதுதான். பணமும் கணவனுக்குத்தான் போயிற்று. கேத்தரின் வாயிலிருந்து வந்ததாக நமக்குக் கிடைப்பது, ஜமேதாரிடம் பிரான்சிஸை விட்டுவிடு என்று சொன்ன ஓரிரு வார்த்தைகள். அதுவும் வேலையாள் சொல்லி, எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டது.

இன்னொன்று, வயதைக் கூட்டிப் பார்ப்பதே இல்லை. கல்யாணத்தன்று அவருக்குப் பதினைந்துகூட ஆகவில்லை. ஏணி இரவில் பதினாறு. பிரான்சிஸ் 1740-இல் பிறந்தவர். இங்கிலாந்தில் மனைவியும் ஆறு குழந்தைகளும் இருந்தார்கள். இந்த எண்களைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு அந்தச் சாட்சியங்களை மறுபடி படித்துப் பாருங்கள். கதை வேறாகத் தெரியும்.

அடுத்து கிராண்டின் தன்வரலாறு. அது அச்சானது 1814-இல், ஆப்பிரிக்காவின் தென்கோடியில் இருக்கும் நன்னம்பிக்கை முனையில். சம்பவம் நடந்து 35 வருடம் ஆகிவிட்டது. மனைவியாக இருந்தவர் அதற்குள் ஐரோப்பாவுக்கே தெரிந்த ஒரு சீமாட்டி. மனிதர் தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியது அது. மனைவியோடு கடைசியாக மூன்று மணி நேரம் அழுதுகொண்டே பேசியதாக உருக்கமாக எழுதுகிறார். இருக்கலாம். ஆனால் கிராண்ட் நன்னம்பிக்கை முனைக்குப் போய்ச் சேர்ந்த டச்சு அரசு உத்தியோகத்துக்குப் பின்னால் கேத்தரின் இருந்தார். டாலிராண்டைக் கல்யாணம் செய்த கையோடு டச்சு அமைச்சருக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது: அந்த மனிதரைச் சீக்கிரம் கப்பலேற்றி அனுப்புங்கள் என்கிற ரகம். கேத்தரினின் குரல் வேண்டுமென்றால் அங்கே கேட்கலாம், நல்ல தெளிவாகவே.

இது பிரபலங்கள் சமாச்சாரம், எங்கள் வீட்டுக்கு எதற்கு என்று கேட்பார்கள். ஒருவர் வந்தார், மூதாட்டி ஒரு சார்ஜெண்டின் மனைவி. அந்த சார்ஜெண்ட் மெட்ராஸ் பத்திரிகையில் ஓர் அறிவிப்புக் கொடுத்திருந்தான்: மனைவி வீட்டை விட்டுப் போய்விட்டாள், அவள் வாங்கும் கடனுக்கு நான் பொறுப்பில்லை. நண்பர் அதை வைத்து, லண்டனிலிருந்து காசு கொடுத்து வரவழைத்த நகல்களையும் சேர்த்து, குடும்ப வரலாறு ஒன்றைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். அதில் அந்த அம்மா ஓடிப்போனவள். குடும்ப விழாவில் எல்லோருக்கும் கொடுத்தும் ஆகிவிட்டது.

அப்புறம்தான் என்னிடம் கொண்டுவந்தார். அறிவிப்பு வந்த தேதியிலிருந்து நாலைந்து மாதம் தள்ளி, அவள் அப்பா இருந்த கண்டோன்மெண்டின் கத்தோலிக்கப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னேன். ஒரு பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம். தகப்பன் அதே சார்ஜெண்ட். ஞானப்பெற்றோர் அவளுடைய அண்ணனும் அண்ணியும். பிள்ளை பெறத் தாய்வீட்டுக்குப் போன பெண்ணைப் பற்றித்தான் அவன் பேப்பரில் போட்டிருக்கிறான்! சண்டையே இல்லை என்று சொல்ல வரவில்லை. சண்டை இல்லாமல் எவனும் காசு செலவழித்து விளம்பரம் கொடுக்கமாட்டான். ஆனால் அந்த விளம்பரம் எதற்கு என்று பாருங்கள். மனைவி சோற்றுக்கும் துணிக்கும் கடையில் கடன் வாங்கினால் கணவன் கட்ட வேண்டும் என்பது அன்றைய சட்டம். அதிலிருந்து கழன்றுகொள்ள, கடைக்காரர்களுக்கு அவன் விடுக்கும் எச்சரிக்கை அது. அவள் எங்கே போனாள், ஏன் போனாள் என்பதற்கு அதில் ஆதாரம் தேடக்கூடாது. நண்பருக்கு இதை விளக்கினேன். “புத்தகம் வந்துவிட்டதே சார்” என்றார்.

1869 இந்திய விவாகரத்துச் சட்டத்துக்குப் பிறகு வந்த மனுக்களிலும் இதே கவனம் வேண்டும். அன்று கணவனுக்கு மனைவியின் சோரம் ஒன்றே போதுமானதாக இருந்தது. மனைவிக்குக் கணவனின் சோரம் மட்டும் போதவில்லை. அதோடு கொடுமையோ, இரண்டு வருடத்துக்குக் குறையாத கைவிடலோ, அதுபோல வேறொன்றோ நிரூபிக்க வேண்டியிருந்தது. ஆகவே பெண் கொடுத்த மனுவில் அடி உதையெல்லாம் விவரமாக இருக்கும், ஆண் கொடுத்ததில் இருக்காது. சட்டம் எதைக் கேட்டதோ அதைத்தான் வக்கீல் எழுதினார். அந்த வீட்டில் உண்மையில் என்ன புழுங்கிக்கொண்டிருந்தது என்பதற்கு மனுவுக்கு வெளியேயும் தேட வேண்டும்.

நஷ்டஈட்டை விவாகரத்து என்று எழுதுவது

1779-இல் கேத்தரினுக்கு விவாகரத்து ஆகவில்லை. கல்கத்தா கோர்ட்டுக்கு அந்த அதிகாரமே இல்லை. 1857 வரை ஆங்கிலேயருக்கு முழு விவாகரத்து என்றால் பார்லிமெண்டில் தனிச் சட்டம் போட வேண்டும். அது பணக்காரர் சமாச்சாரம். கேத்தரினுக்குக் கிடைத்தது 1798-இல், பாரிசில், பிரெஞ்சுப் புரட்சி அரசின் 1792 சட்டப்படி. நடுவில் கிட்டத்தட்ட இருபது வருடம் அவர் திருமதி கிராண்டேதான்.

அங்கே ஆவணங்களில் புரட்சி நாட்காட்டித் தேதி இருக்கும். கேத்தரின் டாலிராண்டை மணந்த பத்தாம் ஆண்டு பிருக்திதோர் 23 என்றால் 1802 செப்டம்பர் 10. மாற்றி எழுதும்போது மூலத் தேதியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சுப் பதிவேட்டை மறப்பது

ஆங்கிலப் பதிவில் கல்யாணத்தோடு பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் போய்விடும். குழந்தையின் ஞானஸ்நானத்தில் தாயின் பெயர் வெறும் மேரி, ஆன் என்றுதான் இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதினார்கள். 1776 முதல் காலனிப் பதிவேடுகளின் பிரதி பிரான்சுக்குப் போக வேண்டும் என்று அரச ஆணை. புதுச்சேரி, காரைக்கால், சந்தர்நாகூர் எல்லாம் இன்று பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஊர் ஆவணக் காப்பகத்தின் இணையப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

தாய் பெயர் இல்லை என்றால் விட்டுவிடுவது

பெயர் இல்லாதவள் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண். விடாதீர்கள். தகப்பனின் உயிலில், யாருக்கோ மாதம் சில வராகன் என்று ஒரு மூலையில் இருப்பாள்.

மனைவியின் உயிலைத் தேடி நேரத்தை வீணாக்குவது

அந்தக் காலத்தில் கணவன் சம்மதம் இல்லாமல் ஆங்கிலேய மனைவி உயில் எழுத முடியாது. அவளுடைய சொத்து அவன் சொத்து. இங்கிலாந்தில் இந்த நிலை முழுதாக மாறியது 1882-இல். தேட வேண்டியது அவளுடைய அப்பா, அண்ணன், அத்தை எழுதிய உயில்கள். அவற்றில் மகளுக்கு விடும் பணத்தோடு ஒரு வாசகம் வரும்: அது அவளுடைய தனி உபயோகத்துக்கு மட்டும், கணவனின் கடனோ அதிகாரமோ அதைத் தொடக்கூடாது. மருமகனை நம்பாத மாமனார் என்று இதைப் பார்த்ததும் துள்ள வேண்டாம். வக்கீல்கள் வழக்கமாகவே சேர்க்கும் வாசகம்தான். அதே உயிலில் மற்ற மகள்களுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எல்லோருக்கும் அதே வரி என்றால் அதற்குத் தனி அர்த்தம் இல்லை. மூன்று பேருக்குப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒருத்திக்கு மட்டும் அறங்காவலர் வைத்து, வட்டியை மட்டும் அவள் கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டும் என்று இருந்தால், அந்த மருமகன் பெயரை எடுத்துக்கொண்டு கடன் வழக்குகளின் அட்டவணைக்குப் போங்கள்.