கீரையும் தேயிலையும் ரத்தக் குழாய்க்கு நல்லதுதான், ஆனால் நடுவில் நாம் எதைக் கெடுக்கிறோம்?

வெங்காயம், கீரை, தேயிலை, மஞ்சள் எல்லாம் ரத்தக் குழாய்க்கு நல்லது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் சாப்பிட்டதுமே அந்தச் சத்து நேராக ரத்தத்தில் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைக்கிறோம் பாருங்கள், முதல் தவறே அங்கேதான். தேயிலையில் இருக்கும் கேட்டச்சின் போன்ற பொருள்களில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்கு இறங்கிவிடுகிறது, அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்துச் சின்னச் சின்ன மூலக்கூறுகளாக்கிய பிறகுதான் அவை ரத்தத்துக்குள் வருகின்றன, அதுவும் பல மணி நேரம் கழித்து. ரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்தால்தான் குழாய் தளர்ந்து விரியும். இதைக் கண்டுபிடித்ததற்காக 1998-ல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். தாவரச் சத்தும் பாக்டீரியாவும் சேர்ந்து உதவுவது இந்தச் சுரப்புக்குத்தான். ரங்கூனில் நம் வீடுகளில் கீரைக்கும் பருப்புக்கும் பஞ்சமே இல்லை, அவை வேலை செய்யவிடாமல் நாம்தான் குறுக்கே நிற்கிறோம்.

டீக்கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும் மேசையில் பிளாஸ்க்கில் வெறும் தேநீர் இருக்கும், பர்மியர் 'யே நுவே ஜான்' என்பது, காசு கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம். நம் ஆட்கள் அதை எடுத்துக் குட்டிக் கோப்பையை அலசிக் கீழே கொட்டிவிட்டு, அடியில் கண்டென்ஸ்ட் மில்க் தடிப்பாகப் படிந்திருக்கும் பால் டீயைக் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறார்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு. தேநீர் இதயத்துக்கு நல்லது என்று சொல்வது அந்த பிளாஸ்க்கில் இருப்பதைத்தான். 2007-ல் பெர்லினில் 16 பெண்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள்: வெறும் கறுப்புத் தேநீர் குடித்தபோது கைத் தமனி நன்றாக விரிந்தது, பால் சேர்த்தபோது அந்தப் பலன் காணாமல் போனது. சின்ன ஆய்வுதான், பால் விஷயத்தில் எல்லா ஆய்வும் ஒத்துப்போகவும் இல்லை, அதனால் பாலை நான் பெரிய குற்றவாளி ஆக்க மாட்டேன். சர்க்கரை அப்படி அல்ல. அத்தனை கண்டென்ஸ்ட் மில்க் நாள் முழுக்க உள்ளே போனால், ஏற்கெனவே சர்க்கரை நோய் இருக்கும் குடும்பங்களில் ரத்தக் குழாய்க்கு வரும் கெடுதலைத் தேநீரால் ஈடுகட்ட முடியாது.

லபெ விஷயமும் இப்படித்தான். ஷான் மலைப் பக்கம் தேயிலையை ஆவியில் வேகவைத்து, அழுத்திப் பல மாதம் புளிக்கவைத்து வருவது அது, இலையை அப்படியே மென்று சாப்பிடுகிறோம் என்பதே நல்ல விஷயம். ஆனால் தட்டில் வருவது இலை மட்டுமா? எண்ணெய் மிதக்கும், உப்பு தூக்கலாக இருக்கும், அஜினோமோட்டோ இருக்கும், வீட்டில் ஏற்கெனவே ஙாப்பியும் (உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன், இறால் விழுது) மீன் சாறும் வேறு. உப்பு அதிகமானால் பிரஷர் ஏறுவதோடு குழாயின் உட்சுவரே இறுகுகிறது. தேயிலை, தக்காளி, முட்டைகோஸ், வறுத்த பருப்பு எல்லாம் இருக்கட்டும், உப்பையும் எண்ணெயையும் வீட்டில் நீங்களே அளந்து போடுங்கள். பளிச்சென்று நிறம் காட்டும் லபெயை வாங்காதீர்கள், 2009-ல் ஆரமைன் ஓ என்ற துணிச் சாயம் கலந்ததாகப் பல வகைகளை அரசு தடை செய்தது நினைவிருக்கும்.

அடுத்தது யாரும் யோசிக்காத தவறு. கீரையில் நைட்ரேட் நிறைய இருக்கிறது. தண்டுக்கீரை, வள்ளைக்கீரை (இங்கே கஸூன் என்று விற்பது) எல்லாவற்றிலும் உண்டு. அது ரத்தத்தில் சேர்ந்து, அதில் ஏறக்குறைய கால் பங்கு திரும்ப எச்சிலுக்கு வருகிறது, நாக்கின் பின்பக்கம் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதை விழுங்கிய பிறகு உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது. அதாவது வேலை வாயிலேயே ஆரம்பிக்கிறது. இப்போது கீரையும் சாப்பிட்டுவிட்டு, வாய் நாற்றம் போக வேண்டும் என்று கிருமிநாசினி மவுத்வாஷால் காலையும் மாலையும் கொப்பளித்தால் என்ன ஆகும்? 2013-ல் லண்டனில் ஆரோக்கியமானவர்கள் 19 பேர் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை ஒரு வாரம் பயன்படுத்தியதில் பிரஷர் 2 முதல் 3.5 புள்ளி வரை ஏறியது. பல் டாக்டர் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள்வரை கொப்பளியுங்கள், மற்றபடி பல் தேய்த்து நாக்கு வழித்தால் போதும். அப்புறம், கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டும் பழக்கம் இருந்தால் நைட்ரேட்டில் பாதிக்கு மேல்கூட அந்தத் தண்ணீரோடு போய்விடலாம். கடைந்தோ வதக்கியோ சாப்பிடுங்கள்.

ஜுரம், தும்மல் என்றால் மருந்துக் கடையில் நான்கைந்து மாத்திரையைக் கலந்து பொட்டலமாகக் கொடுக்கிறார்களே, அதில் ஆன்டிபயாட்டிக் இருக்கிறதா என்று எத்தனை பேர் கேட்கிறோம்? வைரஸ் ஜுரத்துக்கு அது உதவாது, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களைத்தான் துடைத்துவிடும். டென்மார்க்கில் ஆரோக்கியமான ஆண்களுக்கு நான்கு நாள் மட்டும் வலுவான ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை ஒன்றரை மாதத்தில் மீண்டன, சில இனங்கள் ஆறு மாதம் ஆகியும் திரும்பவில்லை. டாக்டர் பார்த்துக் கொடுத்தால் முழுதாகச் சாப்பிடுங்கள், நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

பருப்பு, பட்டாணியைக் குறைப்பதும் பெரிய தவறுதான், காலையில் பேப்யோ (வேகவைத்த பட்டாணி) சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்று விட்டுவிடுகிறார்கள். குடல் பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடே அவற்றில் இருக்கும் நார்ச்சத்துதான், அதைத் தின்று அவை உண்டாக்கும் பியூட்டிரேட் போன்ற அமிலங்கள் குடல் சுவரைக் காக்கின்றன, உடம்புக்குள் வரும் அழற்சியைக் குறைக்கின்றன. வயிறு உப்பினால் அளவைக் குறைத்து, சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

வெற்றிலையும் செடிதானே என்று ஒரு வாதம் கேட்கிறேன், தயவுசெய்து வேண்டாம். பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை வைத்து மடித்த குன்யா ரத்தக் குழாயையும் கெடுக்கும், பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-லேயே அறிவித்துவிட்டது.

சரி, இத்தனை தொல்லை எதற்கு, சத்தைப் பிழிந்து வரும் மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமே என்று சிங்கப்பூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் பச்சைத் தேயிலை மாத்திரை வாங்கிவரச் சொல்பவர்களுக்கு: அதிலுள்ள ஈஜிசிஜி என்ற கேட்டச்சின் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் சொன்னது. மேசையில் இலவசமாக இருக்கும் தேநீரில் அந்தப் பயம் இல்லை. பிரஷர் மாத்திரையைக் கீரையை நம்பி நிறுத்தவும் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் கவனம், முருங்கைக்கீரை போன்றவற்றில் இருக்கும் வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். கீரையை ஒரேயடியாக நிறுத்த வேண்டியதில்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள், திடீரென்று கூட்டினாலோ குறைத்தாலோ டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள்.