புதுச்சேரி, கடலூரிலிருந்து பிரான்சுக்கு வருபவர்களுக்கு: வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை

விசா, வீடு, குளிர்கோட்டு பற்றி யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். வயிற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முத்தியால்பேட்டையிலிருந்து வந்த முதல் ஆண்டு, காலையும் இரவும் வெள்ளை ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக ஓட்டினேன். மலச்சிக்கலால் பட்ட அவதி இன்றும் நினைவில் இருக்கிறது.

நம் குடலுக்குள் இருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களும் நம்மோடு விமானம் ஏறுகின்றன. ஊருக்கு ஊர் அவை வேறுபடும். பயறு, கீரை, சிறுதானியம் என நார்ச்சத்து மிகுதியாக உண்ணும் மக்களிடம் பெரும்பாலும் பிரிவோடெல்லா வகை மிகுந்திருக்கும். மேலைநாட்டு உணவுக்காரர்களிடம் பாக்டீராய்ட்ஸ் மேலோங்கும். ஜப்பானியர் சிலரின் குடல் பாக்டீரியாவில் கடற்பாசியைச் செரிக்கும் மரபணு இருப்பது 2010-இல் தெரியவந்தது. பாசியோடு உள்ளே போன கடல் பாக்டீரியாவிடமிருந்து வந்த மரபணு அது! கண்டறிந்தவர்கள் இங்கே பிரான்சின் பிரிட்டனி (Brittany) கடற்கரையில், ரோஸ்கோஃப் ஆய்வு நிலையத்தில் இருப்பவர்கள்.

குடியேறியவர்களுக்கு முக்கியமானது 2018-இல் வெளியான ஓர் ஆய்வு. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்கு வந்த ஹ்மாங், கரென் இனப் பெண்களிடம் சில மாதங்களிலேயே குடல் பாக்டீரியா வகைகள் குறையத் தொடங்கின. பிரிவோடெல்லா தேய்ந்தது, தாவர நாரை உடைக்கும் திறனும் அதோடு போனது. ஆண்டுகள் கூடக்கூட இழப்பும் கூடியது. அங்கே பிறந்த பிள்ளைகளிடம் இன்னும் அதிகம். உணவு மட்டுமே முழுக் காரணம் அன்று. ஆனால் நம் கையில் இருப்பது உணவுதான்.

ஆகவே, புறப்படும் முன் பெரிய மார்க்கெட்டில் கேழ்வரகு மாவு இரண்டு கிலோ வாங்கிப் பெட்டியில் வையுங்கள். நெய்யும் இறைச்சி ஊறுகாயும் வேண்டாம். பால், இறைச்சிப் பொருள்களைப் பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை உண்டு. மாவு தீர்ந்தால் பாரிசில் லா ஷப்பல் பகுதித் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. எந்தப் பேரங்காடியிலும் மலிவாகக் கிடைக்கும் பச்சை லாந்தி (lentille) என்னும் பருப்பை வேகவைத்துக் கத்தரிக்காயோடு குழம்பு வைத்துப் பாருங்கள், அருமையாக இருக்கும். ரொட்டிக் கடையில் 'பேன் கோம்ப்லே' என்று முழுக்கோதுமை ரொட்டியாகக் கேளுங்கள். குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காது. ஓவனைச் சூடாக்காமல், அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை அதனுள் வையுங்கள்.

ஊரிலிருந்து ஆன்டிபயாடிக் மாத்திரை கொண்டுவந்து சளிக்கெல்லாம் நீங்களாகவே விழுங்காதீர்கள். சளிக்கு அது உதவாது, குடலில் இருப்பவற்றைத்தான் அழிக்கும்.

பிள்ளைகள் மதியம் பள்ளி உணவகத்தில் சாப்பிடுவார்கள். அதைத் தடுக்க வேண்டாம். இரவுத் தட்டில் கேழ்வரகு அடையோ கீரைக் கூட்டோ இருக்கட்டும்.