ஆந்தைப் படங்கள் மங்கியதற்குக் காரணம் லென்ஸ் இல்லை

நாங்குநேரிப் பக்கம் ஒரு குளத்தங்கரைப் பனைப் பொந்தில் புள்ளி ஆந்தை ஜோடி. மாலை நாலரைக்கே வாசலில் வந்து உட்காரும். சாலையோரம் காரை நிறுத்தி, ஜன்னல் வழியாக 600 மிமீ லென்ஸில் எடுத்தேன். ஷட்டர் வேகத்தை 1/2000 வினாடி வைத்தும் ஒரு படம்கூடக் கூர்மையாக வரவில்லை.

லென்ஸைத் துடைத்தேன். ஃபில்டரைக் கழற்றினேன். ஃபோகஸ் நுண்திருத்தத்திலேயே இரண்டு நாள் போனது. முக்காலியும் உதவவில்லை.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. அடுத்தடுத்த பத்துப் படங்களில் தலையின் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றில் பக்கவாட்டில் இழுபட்டும், அடுத்ததில் வட்டமாகவும் இருந்தன. ஃபோகஸ் பிழை என்றால் எல்லாம் ஒரே மாதிரி அல்லவா மங்க வேண்டும்? பனஞ்செதிலும் அப்படியே நெளிந்திருந்தது. கானல், அதாவது சூடேறி நெளியும் காற்று! எனக்கும் மரத்துக்கும் நடுவே நாள் முழுக்க வெயில் குடித்த தார்ச்சாலை.

மறுநாள் காலை 6 மணிக்குக் குளத்துக்கரைப் பக்கமிருந்து, தண்ணீருக்கு மேலாக எடுத்தேன். காருக்குள் இருந்த சூடும் போகட்டும் என்று பத்து நிமிடம் கண்ணாடிகளை இறக்கி வைத்திருந்தேன். படத்தில் ஒவ்வொரு இறகும் தெளிவாக விழுந்தது. அப்பாடா!

வெளிச்சம் குறைவு என்பதால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 3200. அதனால் படத்தில் வந்த பொடிப்புள்ளி இரைச்சலைப் பின்னணியில் மட்டும் குறைத்தேன், கண்ணைச் சுற்றி மட்டும் கூர்மை கூட்டினேன். பழைய மாலைப் படங்களை எந்த மென்பொருளாலும் மீட்க முடியவில்லை. அழித்துவிட்டேன்.