பிள்ளையைத் தனியாக வளர்த்துக்கொண்டே தேசியவாதம் ஆராய்வது எப்படி?

தேசியவாத ஆய்வு என்றாலே அலைச்சல் என்பதுதான் துறைக்குள் பேச்சு. இரண்டு மூன்று நாடுகளின் ஆவணக் காப்பகங்கள், எல்லையோர ஊர் ஒன்றில் ஓராண்டுக் கள ஆய்வு, இடையிடையே கருத்தரங்குகள். ஆய்வாளரின் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் இருப்பார் என்ற நினைப்பில் உருவான பழக்கம் இது. தனித்தாய் ஒருவர் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் இரண்டாம் ஆண்டிலேயே இடிக்கும். பெரும்பாலும் முதலில் தலைப்பு, பிறகு மூலங்கள், கடைசியில் பிள்ளைக்கு ஏற்பாடு என்று போகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது, அதற்குள் எந்த மூலங்கள் எட்டும், அவற்றிலிருந்து என்ன கேள்வி கேட்கலாம்.

மணிக்கணக்கை உத்தேசமாகச் சொல்லாமல் எழுதிப் பாருங்கள். பள்ளியோ டே கேரோ வாரம் 5 நாள், நாளுக்கு 6 மணி நேரம் என்றால் 30 மணி நேரம். வகுப்பு, விடைத்தாள், துறைக் கூட்டம் ஆகியவற்றுக்கு 12 போகும். போக வர 5. மிச்சம் 13. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் காய்ச்சலுக்கும் திடீர் விடுமுறைக்கும் தள்ளிவிட்டால் பத்தரைக்குள் நிற்கும். ஆண்டுக்கு 40 வாரம் என்று வைத்தால் ஏறக்குறைய 400 மணி நேரம். வாசிப்பு, குறிப்பெடுப்பு, இரண்டு வரைவு எல்லாம் சேர்த்து ஓர் இயலுக்கு 200 மணி நேரம் ஒதுக்கினால், ஆண்டுக்கு இரண்டு இயல். இதற்கு மேல் நெறியாளரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை தூங்கிய பிறகு இரவில் எழுதலாம் என்பதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. கிடைத்தால் லாபம், அவ்வளவுதான்.

அடுத்தது மூலங்கள். அவற்றை மூன்று குவியலாகப் பிரியுங்கள். வீட்டு மேசையிலிருந்தே படிக்கக்கூடியவை, ஐந்து நாள் பயணத்தில் முடிக்கக்கூடியவை, மாதக்கணக்கில் தங்கினால்தான் கிடைப்பவை. ஆய்வேட்டின் முக்கால் பங்கு முதல் குவியலில் நிற்கட்டும். மூன்றாவது குவியல் முழுதாகக் கைநழுவினாலும் உங்கள் வாதம் விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள். விழுமென்றால் இப்போதே கேள்வியை மாற்றிக்கொள்வது நல்லது.

நவீன தேசியவாதத்துக்கு முதல் குவியல் பெரியது. தேசம் தன்னைப் பற்றித் தானே பேசிக்கொண்ட இடங்களெல்லாம் அச்சில் இருக்கின்றன: நாடாளுமன்ற விவாதங்கள், பள்ளிப் பாடநூல்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள், தபால்தலைகள், நாளிதழ்கள். பிரிட்டன் நாடாளுமன்ற விவாதங்கள் 1803 முதல் இணையத்தில் உள்ளன. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா, ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ட்ரோவ் இரண்டிலும் பழைய நாளிதழ்களை இலவசமாகப் படிக்கலாம். இந்திய அரசியல் நிர்ணய சபை விவாதங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தின் (League of Nations) ஜெனீவா ஆவணங்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள். 2022-இல் அவற்றை மின்மயமாக்கும் பணி முடிந்தது.

இந்த அணுகுமுறைக்குப் பொருந்தும் தலைப்பு ஒன்றைச் சொல்லலாம். பெண்ணின் குடியுரிமையைத் தேசம் யார் வழியாகக் கணக்கிட்டது? 1907-இல் அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டவரை மணந்த பெண்ணின் குடியுரிமையைப் பறித்தது. 1914-இல் பிரிட்டிஷ் சட்டமும் அதையே செய்தது. 1922-இல் அமெரிக்கா அதில் ஒரு பகுதியைத் திருத்தியது. மணமான பெண்களின் குடியுரிமை குறித்து 1957-இல் ஐ.நா. உடன்படிக்கை வந்தது. பிள்ளைகளின் குடியுரிமையில் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை வேண்டும் என்று 1979-இன் பெண்களுக்கெதிரான பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கை 9-ஆம் பிரிவில் சொல்கிறது. இன்றும் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் தாய் தன் குடியுரிமையைத் தந்தைக்கு நிகராகப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. தேசத்தைத் தாயென்று கும்பிடுகிறவர்கள்தான் படிவத்தில் முதலில் தகப்பன் பெயரைக் கேட்கிறார்கள். ஆராய வேண்டியது இந்த இடைவெளியைத்தான். சட்ட வாசகம், அதன் மீதான விவாதம், நாளிதழ் எதிர்வினை என மூன்றில் பெரும்பகுதி மேசையிலேயே கிடைக்கும்.

மேசையில் செய்கிற ஆய்விலும் ஒரு பொறி இருக்கிறது. மின்மயமான நாளிதழ்களில் சொல்லைத் தட்டித் தேடினால் எழுத்துணரி (பக்கப் படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள், OCR) சரியாகப் படித்த பக்கங்கள் மட்டும்தான் வரும். மங்கிய அச்சு, பழைய எழுத்துரு, மாறிப்போன எழுத்துக்கூட்டல் ஆகியவற்றால் பல தப்பிவிடும். தேர்வுக் குழுவில் யாராவது இதைக் கட்டாயம் கேட்பார். அதனால் தேடலோடு நிறுத்தாமல் நாள் வரையறை வையுங்கள். சுதந்திர தினம் போன்ற தேசிய நாளுக்கு முன்னும் பின்னும் மூன்று நாள் சேர்த்து ஆண்டுக்கு ஏழு இதழ். முப்பது ஆண்டுக்கு 210 இதழ். இதழுக்கு அரை மணி என்றால் 105 மணி நேரம். இது துண்டு துண்டாக ஆகிற வேலை என்பது இன்னொரு வசதி. பிள்ளை பாட்டு வகுப்பில் இருக்கும் நாற்பது நிமிடத்திலும் ஓர் இதழ் முடியும். வாதம் கட்டுவதற்கு மட்டும் தொடர்ச்சியாகத் தொண்ணூறு நிமிடமாவது வேண்டும். காலை நேரத்தை அதற்கு வைத்துவிட்டு, அடிக்குறிப்பு, பெயர்த்தெழுதல், அட்டவணை ஆகியவற்றை உதிரி நேரத்துக்குத் தள்ளுங்கள்.

ஐந்து நாள் காப்பகப் பயணம் என்றால் வேலையில் பாதி புறப்படும் முன்பே நடந்திருக்க வேண்டும். ஆறு வாரம் முன்பு பட்டியலிலிருந்து கோப்பு எண்களை எடுத்து, முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தி, காப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். இந்தக் கோப்புகள் அதே கட்டடத்தில் இருக்கின்றனவா, வெளிக் கிடங்கிலிருந்து வர எத்தனை நாள், ஒரு நாளில் எத்தனை கோப்பு தருவீர்கள், கேமரா அனுமதி உண்டா, குறைந்தபட்ச வயது என்ன? பல வாசிப்பறைகளில் குழந்தைகளை விடுவதில்லை. அந்த ஊரில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறீர்கள் என்றால், முதல் நாளைக் காப்பகத்துக்கு ஒதுக்காதீர்கள். அன்று பிள்ளை அவரிடம் இரண்டு மணி நேரம் இருந்து பழகட்டும். அதைச் செய்யாமல் போனால் இரண்டாம் நாள் பத்து மணிக்குத் தொலைபேசி வரும், அன்றைய கோப்பு போச்சு.

உள்ளே உட்கார்ந்து படிக்காதீர்கள். படம் எடுங்கள், வீட்டில் படிக்கலாம். கோப்பின் அட்டையை முதல் படமாக எடுங்கள். கோப்பு எண் எழுதிய துண்டுத்தாள் ஒன்று ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் தெரியட்டும். இதை விட்டுவிட்டு வீடு திரும்பியவர்களிடம் எந்தக் கோப்பின் எந்தத் தாள் என்று தெரியாத ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கும். மேற்கோள் காட்ட முடியாத ஆவணம் இருந்தும் இல்லாததுதான். அன்றிரவே காப்பகம், கோப்பு எண், தாள் எண் என்ற வரிசையில் ஃபோல்டருக்குப் பெயரிட்டு, இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள்.

பிள்ளையோடு எல்லை தாண்டுவது தனி வேலை. ஆறு மாதம் முன்பு தொடங்குங்கள். பிள்ளையின் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் இரண்டும் அடிப்படை. அதற்கு மேல் என்ன வேண்டும் என்பது உங்கள் நிலையைப் பொறுத்தது: விவாகரத்து என்றால் பொறுப்புரிமை பற்றிய நீதிமன்ற ஆணை, துணைவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், மற்றவருக்கும் உரிமை இருந்தால் பயணத் தேதிகளும் முகவரியும் குறித்த, நோட்டரி சான்றுள்ள சம்மதக் கடிதம். உங்கள் பெயரும் பிள்ளையின் பின்பெயரும் வேறாக இருந்தால் இருவரையும் இணைக்கும் சான்றிதழ் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். வெளிநாட்டு அலுவலகம் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகள் ஏற்கும் சான்று) கேட்டால், ஆவணத்தைக் கொடுத்த நாட்டின் அதிகாரிகள்தான் அதைத் தர முடியும், அதனால் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள்.

இங்கே அலட்சியமாக இருக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளுக்கிடையே, பொறுப்புரிமை உள்ள மற்றவரின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை இடம்மாற்றினால், அது சட்டவிரோதமாகக் கொண்டுபோனதாகக் கருதப்படலாம். சம்மதித்த தேதியைத் தாண்டித் தங்கினாலும் அப்படித்தான். ஆறு மாத உதவித்தொகையை ஒரு வருடமாக நீட்டிக்கும்போது பலர் சிக்குவது இதில்தான். நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் குடும்பநல வழக்கறிஞரைப் பாருங்கள்.

உதவித்தொகை விதிகளில் முதலில் பார்க்க வேண்டியது தொகை அல்ல, காலக்கணக்கு. முனைவர் பட்டத்துக்குப் பிறகு எத்தனை ஆண்டுக்குள் என்று பல அமைப்புகள் எல்லை வைக்கின்றன. ஐரோப்பிய ஆய்வுக் குழுமம் தாய்மாருக்கு ஒரு பிள்ளைக்கு 18 மாதம் வீதம் அந்தக் காலத்தைக் கழித்துக்கொள்கிறது. பிள்ளை பட்டத்துக்கு முன் பிறந்திருந்தாலும் கணக்கில் வரும். இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் முனைவர் பட்ட ஆய்வாளரான பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும், கால எல்லையில் கூடுதலாக இரண்டு ஆண்டுகளும் தருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முதுமுனைவர் உதவித்தொகை குடும்பப்படி கொடுக்கிறது. ஆனால், கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வாழ்ந்த நாட்டையே ஆய்வு செய்யப் போகும் நாடாகத் தேர்ந்தெடுக்க முடியாது. பிள்ளையின் பள்ளிக்காக ஒரு நாட்டில் தங்கிவிட்டவருக்கு இந்த விதி கதவடைக்கும். நகரச் சொல்லாத உதவித்தொகைகளைத் தனிப்பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கருத்தரங்குக்கு அழைப்பு வந்தால், பதிவுக்கட்டணம் கட்டும் முன்பே பிள்ளைப் பராமரிப்புக்குத் தொகை உண்டா என்று கேளுங்கள். அறிவிப்பில் இல்லாவிட்டாலும் கேட்டால் கொடுக்கும் இடங்கள் உண்டு. நெறியாளரிடமும் துறைத் தலைவரிடமும் பேசும்போது கஷ்டத்தை விவரிப்பதைவிட ஏற்பாட்டைக் கேட்பது வேலைக்கு ஆகும். ஒரு மாதிரி:

“வணக்கம். இந்தப் பருவத்தில் மாலை 4 மணிக்குப் பிறகு நான் வளாகத்தில் இருக்க இயலாது. துறைக் கூட்டங்களை 3 மணிக்குள் முடியுமாறு வைக்க இயலுமா? இயலாத நாட்களில் இணையவழியாகக் கலந்துகொள்கிறேன். மூன்றாம் இயலின் வரைவு மார்ச் 15 அன்று உங்களிடம் இருக்கும்.”

எழுத்தில் கேளுங்கள்; வாய்வார்த்தையில் ஒப்புக்கொண்டது துறைத் தலைவர் மாறியதும் மறைந்துவிடும்.

கடைசியாக, தேசியவாதம் பற்றி எழுதுகிறவர்களுக்கு வசை வரும். தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண் என்றால் வசை வீட்டுப் பக்கம் திரும்பும். முதல் கட்டுரை வெளியாகும் முன்பே சில வேலைகளை முடியுங்கள். நேர்காணல் ஒப்புதல் படிவத்தில் துறை முகவரி மட்டும். கள ஆய்வுக்குத் தனி சிம். ஆசிரியர் குறிப்பில் பிள்ளையின் பெயர், பள்ளி, ஊர் எதுவும் வேண்டாம். சமூக ஊடகத்தில் பிள்ளையின் படங்களை நீக்குங்கள். உறவினர்கள் போட்டவற்றையும் எடுக்கச் சொல்லுங்கள், கசிவது பெரும்பாலும் அங்கிருந்துதான். மின்னஞ்சலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு. பிள்ளையை யார் வந்து அழைத்துச் செல்லலாம் என்ற பட்டியலைப் பள்ளியில் எழுத்தில் கொடுங்கள். மிரட்டல் வந்தால் பதில் எழுதாமல், தேதி, நேரம், இணைப்பு தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அன்றே துறைத் தலைவருக்கும் பல்கலைக்கழகப் பாதுகாப்புப் பிரிவுக்கும் அனுப்புங்கள். வீட்டையோ பிள்ளையையோ குறிப்பிட்டிருந்தால் நேரே காவல் துறைக்குப் போங்கள்.